பூ வைத்த சாடி

ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். தொழில்நுட்பம் படித்தவர்கள். அதற்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டார்.

"காக்கா, நிந்தவூர்ல இருந்து போய் ஏரோப்ளேன் இஞ்சினியர் ஆன மொத ஆள் நீங்கதானாம். நல்லதா ஒண்டு எழுதித் தாங்க. புள்ளைகளுக்கு ஊக்கம் வரோணும்."

"நல்லதா எண்டா எப்பிடி?"

"கஷ்டப்பட்டுப் படிச்சது, முன்னுக்கு வந்தது. அப்பிடித்தான் காக்கா. ரெண்டு பக்கம் போதும்."

முன்னுக்கு வந்த கதை எனக்கு மனப்பாடம். பாராட்டு விழாக்களில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியை இங்கே எழுதுகிறேன். மலர்க்குழு விரும்பினால் போடட்டும், விரும்பாவிட்டால் கடலை சுற்றக் கொடுக்கட்டும்.

அந்தத் தம்பி கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன். போன மாதம் ஊர்ச் செய்தி போடுகிற ஒரு முகநூல் பக்கத்தில் பழைய படம் ஒன்று வந்தது. சேற்று வயலில் மூக்குக் குத்தி நிற்கும் சின்ன விமானம், சுற்றிவரச் சாரனை மடித்துக் கட்டிய ஆட்கள். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில், 'குடித்துவிட்டு ஓட்டிய விமானி! நம்ம ஊர் வரலாறு' என்று போட்டிருந்தார்கள். கீழே கருத்துச் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. படம் எடுத்த காலத்தில் உம்மாவின் வயிற்றில்கூட இல்லாதவர்களெல்லாம் கண்ணால் கண்டதுபோல எழுதியிருந்தார்கள். வயல் முழுக்கச் சாராய வாடை அடித்ததாம். 'வேதக்கார ஆள்தானே, குடிக்காமல் இருப்பாரா' என்று, விமானி கிறிஸ்தவர் என்பதைப் பிடித்துக்கொண்ட ஒருவர். போத்தலையே கண்டதாக இன்னொருவர். போத்தல் ஒன்று இருந்தது உண்மை. அது விமானியிடம் இருக்கவில்லை, என் கையில் இருந்தது. அதற்குள் சாராயமும் இல்லை.

அத்தனை சிரிப்பு முகங்களுக்கும் அடியில் ஒரு பெண் எழுதியிருந்தார். 'இந்த விமானி என் அப்பா. வாழ்நாளில் குடித்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன் திருகோணமலையில் காலமானார். அன்றைக்கு அங்கே நின்றவர் யாராவது உயிரோடு இருந்தால், என்ன நடந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.' அதற்கும் மூன்று பேர் சிரித்திருந்தார்கள்.

நான் தொழில் படித்த கதை பெரிய கதையில்லை. கொழும்பில் ஒரு பணிமனையில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்தேன், திட்டு வாங்கினேன், நாலு வருடத்தில் உதவி மெக்கானிக் ஆனேன். பிறகு, வயலுக்கு விமானத்தில் மருந்து தெளிக்கிற ஒரு தனியார் கம்பனி, அம்பாறைப் பக்கத்துக்குத் தமிழ் பேசும் ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தது. அந்தக் கம்பனி எப்போதோ மூடியாயிற்று, பெயர் தேவையில்லை. அந்தப் பெரும்போகத்தில் அறக்கொட்டியான் பூச்சி வரிப்பத்தான்சேனையிலிருந்து கரை வரைக்கும் நெல்லை வட்டம் வட்டமாக எரித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு விமானம். ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை, மூக்கில் விசிறி, நடுவயிற்றில் மருந்துத் தொட்டி. எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் அதை மருந்துக் கப்பல் என்றார்கள். வயலுக்கு மேற்கே மேட்டு நிலத்தில் புல்லை வெட்டிச் செய்த ஓடுபாதை, தகரக் கொட்டில் ஒன்று, பெற்றோல் பீப்பாய்கள். மொத்தச் சொத்தும் அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். அவரைச் சீஃப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சத்தம் போட மாட்டார். பிழை விட்டால், "திரும்பச் செய்" என்பார். செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று நகம் வெட்டுவார். முடித்ததும், "இன்னொருக்கா" என்பார். பத்து விரலும் வெட்டி முடிந்த பிறகும் நான் செய்துகொண்டே இருந்த நாட்கள் உண்டு. அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. ஜாம் வந்த சாடி. லேபிளைச் சுரண்டி எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றித் தோள்பையில் வைத்திருப்பார். காலையில் விமானம் கிளம்புமுன், இறக்கைக்கு அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து, பெற்றோல் நிரப்புகிற தாங்கியின் அடியில் இருப்பதை அந்தச் சாடியில் பிடிக்க வேண்டும். எங்களுக்கு வந்த விமானப் பெற்றோலுக்குப் பச்சைச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமென்பதால் கீழே தங்கும், பெற்றோல் மேலே நிற்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். கைக்குட்டையைப் பின்னால் பிடித்து அந்தக் கோட்டைத் தேட வேண்டும்.

முதல் நாள் நான் தேடிவிட்டு, "கோடு இல்ல சேர், சுத்தம்" என்றேன்.

"கோடு இல்லாட்டி என்ன அர்த்தம்?"

"தண்ணி இல்ல."

"ரெண்டு அர்த்தம் இரிக்கு. ஒண்டு, முழுக்கப் பெற்றோல். மற்றது, முழுக்கத் தண்ணி. எது எண்டு கோடு சொல்லாது. நிறத்தப் பாரு. மோந்து பாரு. புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாரு. பெற்றோல் எண்டா குளுகுளுண்டு காஞ்சிரும். தண்ணி எண்டா அப்பிடியே கிடக்கும். கண், மூக்கு, தோல். மூண்டும் சொன்னாத்தான் படிவத்துல கையெழுத்து."

பீப்பாய்க்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நிமிர்த்தி வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்புக்குள் மழைத் தண்ணீர் தேங்கும். வெயிலில் சுட்ட பீப்பாய் குளிரும்போது உள்ளே காற்றை இழுக்கும், கூடவே மூடியின் இடுக்கால் தண்ணீரையும் இழுக்கும். பெற்றோல் ஊற்றுகிற புனலுக்குத் தண்ணீரை மறிக்கிற தோல் வடி ஒன்று வேண்டுமென்று அவர் மனேஜரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மனேஜரும் அடுத்த போகத்துக்கு, அடுத்த போகத்துக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். வெள்ளைச் சப்பாத்தோடு வயலுக்கு வருகிற மனிதர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாங்கள் இரண்டு கிழமையாக மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். அந்த வேலையைத் திறந்து வைக்க வேண்டுமாம். அதற்குத் தலைநகரிலிருந்து ஒரு பெரியவர் வருவாராம். ஏற்கனவே இருபது தடவை பறந்த விமானத்துக்கு முன்னால் சிவப்பு நாடா கட்டி வெட்டுவதில் யாருக்கும் ஒரு வெட்கமும் இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எஞ்சினுக்கு ஒரு மாற்றுப் பாகம் எடுத்துவரச் சீஃபைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார் மனேஜர். சீஃப் போகும்போது சாடியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

விழாவுக்கு முதல் நாள் பீப்பாய்களுக்கு நீலப் பெயின்ற் அடித்து, வரிசையாக நிமிர்த்தி வைத்தார்கள்.

"சேர், சீஃப் படுக்க வைக்கச் சொன்னவர்" என்றேன்.

"படுத்துக் கிடந்தா என்ன மரியாதை இருக்கு? பெரியவர் வாறார். அடுக்கி வச்சாத்தான் வடிவு" என்றார் மனேஜர்.

இரவு மழை பெய்தது.

காலையில் அந்தப் பீப்பாய்களில் ஒன்றிலிருந்து கைப்பம்பியால் தாங்கியை நிரப்பினேன். பிறகு சாடியைத் தேடினேன். கொட்டிலில் காணவில்லை. விழாப் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தால், பெரியவரின் மேசையில், வெள்ளை விரிப்பின் நடுவில், தண்ணீர் நிரப்பி, செவ்வரத்தைப் பூ நாலைந்து செருகியபடி இருக்கிறது. பூச்சாடி கொண்டுவர மறந்த யாரோ ஒருவரின் கெட்டித்தனம். மனேஜர் பக்கத்திலேயே நின்றார். பூவைக் கொட்டிவிட்டுச் சாடியை எடுத்துவர எனக்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடிக்கு எனக்குத் துணிவு வரவில்லை. சோடாப் பெட்டியிலிருந்து வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். இளம் பச்சைக் கண்ணாடிப் போத்தல்.

விமானத்துக்கு வரும் வழியில் இஸ்மாலெவ்வை ஹாஜியார் என்னை மறித்தார். அந்த வயல் கண்டத்து வட்டவிதானை அவர், வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவதென்று தீர்மானிக்கிறவர். அந்த வருடம்தான் ஹஜ் முடித்து வந்திருந்தார். நல்ல காரியம் நடக்கிற இடமென்று, வந்தவர் போனவர் எல்லாருக்கும் புறங்கையில் அத்தர் பூசிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு கையிலும் தாராளமாகவே இழுத்துவிட்டார்.

"மக்கத்து அத்தர் மனே. கையக் கழுவிப் போடாத."

"இல்ல ஹாஜியார்" என்றேன்.

இறக்கைக்கு அடியில் குந்தி, குழாயைத் திறந்து போத்தலில் பிடித்தேன். தூக்கிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. கோடு இல்லை. மூக்கில் வைத்தேன். போத்தலைப் பிடித்த கையிலிருந்து அத்தர் குப்பென்று வந்தது, வேறெதுவும் மணக்கவில்லை. புறங்கையைப் பார்த்தேன். மக்கத்து அத்தர் எண்ணெயாக மினுங்கியது. அதன் மேல் பெற்றோலைத் தேய்ப்பதற்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், நேரமாயிற்று என்றெல்லாம் பிற்காலத்தில் எனக்கு நானே சாட்டுச் சொல்லியிருக்கிறேன். நேரம் இருந்தது. ஒரு சொட்டு விட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் விமானி கப்டன் அந்தோனி திருகோணமலைக்காரர். மெலிந்த மனிதர். வயிற்றுப்புண் இருந்ததால் கோப்பிகூடத் தொடமாட்டார், சீனி போட்ட சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டு திரிவார். அவருக்கு இருக்கைப் பட்டி இறுக்கிவிட்டது நான்.

"என்ன ஆதம்பாவா, மாப்பிள்ளை மாதிரி மணக்கிறீர்?" என்று சிரித்தார். பிறகு, "எல்லாம் சரிதானே?" என்றார்.

"சரி சேர்."

நாடா வெட்டினார்கள். பெரியவர் விவசாயத்தைப் பற்றி விவசாயிகளுக்கு நீண்ட நேரம் விளக்கினார். ஓடுபாதையின் கடைசியில், இரண்டு பாடசாலைகளின் பிள்ளைகளைக் கொண்டுவந்து வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையில் கடதாசிக் கொடியும் கொடுத்திருந்தார்கள். விமானம் தொட்டி நிறைய மருந்தோடு ஓடி எழும்பியது. குழாயில் மிஞ்சிக் கிடந்த நல்ல பெற்றோல் தீரும்வரை எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஓடுபாதை முடிகிற இடத்தில் இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது. விசிறியின் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகக் கண்டேன்.

எஞ்சின் நின்றால் விமானி செய்ய வேண்டிய முதல் வேலை, மருந்தை ஒரே தடவையில் கொட்டுகிற லிவரை இழுப்பது. பாரம் இறங்கினால் விமானம் இன்னும் கொஞ்சத் தூரம் மிதக்கும், மெதுவாக இறங்கலாம். கப்டன் இழுக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு நேர் கீழே அந்தப் பிள்ளைகள் அண்ணாந்து கொடியசைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்தின் ஒரு மூடி ஒரு கண்டத்துப் பூச்சியைக் கொல்லும். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டே பிள்ளைகளைத் தாண்டினார். தாண்டியதும் உயரம் இல்லை. சில்லு வாய்க்கால் வரம்பில் தட்டி, விமானம் வயல் தண்ணீருக்குள் மூக்குக் குத்தியது.

வயல்காரர்கள்தான் முதலில் ஓடிப்போய் அவரை இழுத்தெடுத்தார்கள். முதுகு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பார்த்து, "பிள்ளைகள்?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல சேர்" என்றேன். அதற்கிடையில் பெரியவரின் வாகனங்கள் அக்கரைப்பற்றைத் தாண்டியிருக்கும்.

சீஃப் பின்னேரம் வந்து சேர்ந்தார். விமானத்தைப் பார்க்கப் போகவில்லை. நேரே பந்தலுக்குப் போய், மேசையிலிருந்த சாடியைத் தூக்கி, பூவைத் தரையில் கொட்டி, கைக்குட்டையால் துடைத்தார். பிறகுதான் சேற்றில் இறங்கினார். எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குழாயின் அடியிலிருந்து பிடித்து, சாடியை என்னிடம் நீட்டினார்.

"என்ன நிறம்?"

"நிறமில்ல சேர்."

"காலையில எதுல பிடிச்ச?"

"சோடாப் போத்தல்ல."

அவர் என் கையைப் பிடித்து, புறங்கையை மோந்து பார்த்தார். அன்றைக்கு அவர் நகம் வெட்டவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அம்பாறையில் அதிகாரிகள் தங்குகிற ஒரு வாடிவீட்டு மண்டபத்தில் இரண்டு நாள் நடந்தது. மூன்று பேருமே வயலுக்கு வரவில்லை, சேறு என்றார்கள். சீஃப், பெற்றோலில் தண்ணீர் இருந்தது என்று சொன்னார், பீப்பாய்களை நிமிர்த்தி வைத்ததையும் சொன்னார். மனேஜர் எழும்பி, விமானமே வயல் தண்ணீருக்குள் கிடந்ததே, பிறகு எடுத்துப் பார்த்தால் தண்ணீர் இல்லாமல் பன்னீரா இருக்கும் என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த நேரம் ஊரில் இல்லாதவரின் கதையை ஏன் கேட்க வேண்டும் என்று சீஃபை உட்காரச் சொன்னார்கள். கப்டன் முதல்நாள் இரவு குடித்ததாகக் கேள்வி என்று மனேஜர் போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டார். யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்டன் அப்போது ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தார்.

ஆகவே விமானம் கிளம்புமுன் தாங்கியில் தண்ணீர் இருந்ததற்கு ஒரே சாட்சி நான்தான். பச்சைப் போத்தலில் பார்த்தேன், பச்சைக் கண்ணாடிக்குள் தண்ணீரும் பச்சைதான், தோலில் சோதிக்கவில்லை என்று நான் சொன்னால் கதை மாறும். அதைச் சீஃப் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று வெளியில் வைத்துக் கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் சாட்சி" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"புறப்பட முதல் எரிபொருளைச் சோதிச்சீரா?"

"ஓம் சேர்."

"தண்ணீர் தெரிஞ்சதா?"

"தெரியல்ல சேர்."

"சரி, போகலாம்."

எதில் பிடித்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள். விசாரணை செய்தவர்களையும் மனேஜரையும் இவ்வளவு நேரம் நக்கலடித்தேன். அவர்கள் மூட்டிய பொய்க்கு முண்டு கொடுத்து நிறுத்தியவன் நான். அந்த மண்டபத்தில் என்னைவிடக் கேவலமான மனிதன் வேறு யாரும் இருக்கவில்லை.

அறிக்கை வந்தது. விமானியின் தவறு. அதற்கு அவர்கள் எழுதிய முதல் காரணம், அவசரத்தில் இழுக்க வேண்டிய லிவரை அவர் இழுக்கவில்லை என்பது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால் பிள்ளைகளை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்வி வருமே. கப்டனின் அனுமதிப் பத்திரம் போயிற்று. எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. சோதனைப் படிவங்களை ஒழுங்காக நிரப்புகிற ஆள் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

பல வருடம் கழித்து, திருகோணமலை பஸ் நிலையத்தில் கப்டனைக் கண்டேன். தடி ஊன்றி நடந்தார். ரியூட்டரியில் கணக்குப் படிப்பிப்பதாகச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் எனக்குத் தேநீர் சொல்லிவிட்டு, தனக்குச் சுடுதண்ணீர் வாங்கினார்.

"ஆதம்பாவா, ஒண்டு கேக்கட்டா? அது தண்ணீராத்தான் இருக்கும் எண்டு எனக்கு எப்பவும் ஒரு எண்ணம். நீர் ஏதும் கண்டீரா?"

அங்கே விசாரணை இல்லை, மனேஜர் இல்லை, பறிபோகப் பதவியும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

"இல்ல சேர். சுத்தமாத்தான் இருந்திச்சி" என்றேன்.

"அப்ப என்ர பிழைதான்" என்று தலையை ஆட்டினார். தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

சீஃப் ஓய்வு பெற்ற நாளில் அந்தச் சாடியை எனக்குத் தந்தார். "பூ வைக்காத" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு சின்ன விமானத்தையும் அந்தச் சாடியில் பிடித்து, மோந்து, புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கொழும்பிலும் பார்த்தேன், வளைகுடாவிலும் பார்த்தேன். இப்போது சோதிக்கிற கருவியெல்லாம் வந்துவிட்டதே, கிழவனுக்கு என்ன பைத்தியமா என்று கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். மகளின் கலியாணத்தன்றுகூட நான் அத்தர் பூசவில்லை. இதையெல்லாம் பாராட்டு விழாவில், 'கடமையில் கண்ணானவர்' என்று படிப்பார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மலர்க்குழுத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பக்கம் போதாவிட்டால் மேலே உள்ளதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கீழே உள்ளதை வெட்ட வேண்டாம். அந்த முகநூல் பக்கத்திலும் இதையேதான் என் பெயரில் எழுதியிருக்கிறேன்.

மகள், அன்றைக்கு அங்கே நின்றவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஓம், ஒருவன் உயிரோடு இருக்கிறான். உங்கள் அப்பா குடித்திருக்கவில்லை, பிழையும் விடவில்லை. பெற்றோலில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவன் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் ஒருதரம், அவர் முகத்துக்கு நேரே ஒருதரம், இரண்டு தரம் மறைத்தேன். அவர் அந்த லிவரை இழுக்காததால் தப்பிய பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயது தாண்டி இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே சிரித்தவர்களில் இரண்டு பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களுடைய வாப்பாமார் அன்றைக்கு அந்த வரிசையில் கொடியோடு நின்றவர்கள்.